ஹோம்ஸ்டெட் குடும்பத்தின் வாழ்க்கையை நிலக் கோப்பிலிருந்து படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா புல்வெளிகளில் முதன்முதலாகக் குடியேறி நிலம் உடைத்த உழவர் குடும்பங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாவலில் தொடங்குகிறார்கள், இல்லையென்றால் சினிமாவில். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் குடும்பம் எத்தனை அடி வீட்டில் படுத்தது, வீட்டுக்கு எத்தனை ஜன்னல், ஐந்து வருடத்தில் எத்தனை ஏக்கர் உழ முடிந்தது என்பதெல்லாம் அங்கே கிடைக்காது. நிலத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவர்கள் அரசாங்கத்திடம் கொடுத்த காகிதங்களில் அது இருக்கிறது. அவை இன்றும் பத்திரமாக உள்ளன. பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம்.

கதை எழுதுகிறவர், வரலாறு படிக்கிற மாணவர், நெப்ராஸ்காவிலோ கன்சாஸிலோ வேலை பார்த்துக்கொண்டு சுற்றியுள்ள பழைய பண்ணைகளின் கதையைத் தேடுகிறவர் என யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள். எடுத்துக்காட்டாக டேனியல் ஃப்ரீமன் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். குடியிருந்து பயிர் செய்கிறவருக்கு அரசு நிலத்தைக் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் முதல் நாளிலேயே விண்ணப்பித்தவர் அவர். அவருடைய காகிதங்கள் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டுள்ளன. முதலில் அவரை வைத்துப் பழகிக்கொண்டு, பிறகு நீங்கள் தேடும் குடும்பத்துக்குப் போகலாம்.

முதல் படி: எந்த ஆண்டுச் சட்டம் என்று பாருங்கள்

1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் விண்ணப்பிக்கலாம். அவர் குடிமகனாகவோ, குடிமகனாக விரும்புவதாக எழுதிக் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு 160 ஏக்கர் வரை கிடைக்கும். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்து, சாட்சிகளோடு வந்து நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 18 டாலர். காத்திருக்க முடியாதவர் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் சொந்தப் பெயரில் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் மனைவிக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாரத்தில் பாதியைச் சுமந்த பெண்ணின் பெயர் கோப்பில் அநேகமாக வராததற்கு இதுதான் காரணம். அவளைத் தேட வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் விதிகள் மாறின. 1904-இல் நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதிக்கு மட்டும் 640 ஏக்கர். 1909-இல் வறண்ட நிலங்களுக்கு 320 ஏக்கர். 1912-இல் ஐந்து ஆண்டு மூன்றானது. 1916-இல் மேய்ச்சல் நிலத்துக்கு 640 ஏக்கர். 1976-இல் சட்டம் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் இன்னும் பத்து ஆண்டு நீடித்தது. ஆக, 1913-இல் மொன்டானாவுக்குப் போன ஒருவரை 1863-இன் விதிகளை வைத்துப் படித்தால் ஒரு கணக்கும் ஒத்துவராது. மொத்தத்தில் சுமார் 16 லட்சம் பேருக்கு, 27 கோடி ஏக்கர் நிலம் இப்படிப் போனது. அது அந்நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

இரண்டாம் படி: பெயரைத் தேடுங்கள்

அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் ஜெனரல் லேண்ட் ஆஃபீஸ் ரெக்கார்ட்ஸ் தளத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. மாநிலம், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), குடும்பப் பெயர் மூன்றையும் கொடுத்துத் தேடினால் அரசு வழங்கிய உரிமைப் பத்திரத்தின் படம் வரும். பேட்டன்ட் என்று அழைக்கப்படும் இது நம் ஊரில் அரசு தரும் பட்டாவைப் போன்றது. முதற்பெயரைக் காலியாக விட்டுத் தேடுவது நல்லது. செக், ஸ்வீடிஷ், ஜெர்மன் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள்.

நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நில விவரம், லேண்ட் ஆஃபீஸின் (நில விண்ணப்பங்களைப் பதிந்த அரசு அலுவலகத்தின்) பெயர், ஆவண எண், எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்ற குறிப்பு. கடைசிக் குறிப்பில் 1862 மே 20 என்ற தேதி இருந்தால் அது ஹோம்ஸ்டெட். 1820 ஏப்ரல் 24 என்று இருந்தால் பணம் கொடுத்து வாங்கிய நிலம். பணம் கட்டி முடித்தவர்களின் கோப்பு பெரும்பாலும் மெலிதாகவே இருக்கும்.

பத்திரத்தின் தேதியைக் குடியேறிய தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ரீமன் விண்ணப்பித்தது 1863 ஜனவரி 1, நிரூபித்தது 1868 ஜனவரி, பத்திரம் கைக்கு வந்தது 1869 செப்டம்பர். பத்திரத் தேதியிலிருந்து ஆறேழு ஆண்டு பின்னால் போனால்தான் முதல் குளிர்காலம் வரும்.

மூன்றாம் படி: நிலத்தை வரைந்து பாருங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. தாண்டாதீர்கள். ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

அந்தப் பகுதி முழுவதையும் 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக அளந்து பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசை 6-க்குக் கீழே 7-இல் தொடங்கிக் கிழக்கே திரும்பும். ஏர் உழுகிறவர் கொழுவைத் திருப்பிக்கொண்டு வருகிற மாதிரியே கடைசி 36 வரை போய் முடியும்.

ஃப்ரீமன் நிலத்தின் விவரம் இது: டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் (டவுன்ஷிப்புகளைக் கிழக்கு மேற்காக எண்ணும் எண்) 5 கிழக்கு, செக்‌ஷன் 26. அதில் வடமேற்குக் கால்பகுதியின் தென்பாதி, அதே கால்பகுதியின் வடகிழக்குக் கால், பிறகு வடகிழக்குக் கால்பகுதியின் தென்மேற்குக் கால். நெப்ராஸ்காவில் டவுன்ஷிப்பைக் கன்சாஸ் எல்லையிலிருந்து வடக்கே எண்ணுகிறார்கள். நான்காவது டவுன்ஷிப் என்றால் எல்லையிலிருந்து 18 மைல் தாண்டித் தொடங்கும். செக்‌ஷன் 26 கீழிருந்து இரண்டாவது வரிசை. ஆக நிலம் எல்லைக்கு வடக்கே 19 மைல் தாண்டி இருக்கிறது. பக்கத்து ஊர் பியாட்ரிஸ்.

இப்போது அந்தத் துண்டுகளை வரையுங்கள். தென்பாதி 80 ஏக்கர், மற்ற இரண்டும் 40, 40. மூன்று நாற்பதுகள் கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் வரும். நடுவில் உள்ளதன் தலையில் நான்காவது நாற்பது உட்காரும். சதுரமாக 160 ஏக்கர் எடுக்காமல் ஏன் இப்படி ஒரு வடிவம்? படத்தின்மேல் கப் கிரீக் ஓடையை வரைந்தால் தெரிந்துவிடும். மரமே இல்லாத புல்வெளியில் ஓடையோரத்தில்தான் மரம் இருந்தது. வீட்டுக்குக் கட்டை, அடுப்புக்கு விறகு, மாட்டுக்குத் தண்ணீர் எல்லாம் அந்த ஓரத்தில்தான். அந்த மனிதர் நிலத்தை நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதை இந்த ஒரு படம் சொல்லிவிடும். நீங்கள் தேடும் குடும்பத்துக்கும் இதையே செய்யுங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம், தண்டவாளம் எவ்வளவு தூரம், லேண்ட் ஆஃபீஸ் எவ்வளவு தூரம் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

நான்காம் படி: கோப்பை வாங்கிப் பொறுமையாகப் படியுங்கள்

பத்திரம் ஒரு பக்கம்தான். அதற்குப் பின்னால் உள்ள முழுக் கோப்பு வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லேண்ட் ஆஃபீஸ் பெயரும் எண்ணும் கொடுத்தால் கட்டணம் பெற்றுக்கொண்டு நகல் அனுப்புவார்கள். நெப்ராஸ்கா கோப்புகள் டிஜிட்டல் ஆகிவிட்டன. பியாட்ரிஸுக்கு அருகில் ஃப்ரீமனின் நிலத்திலேயே ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. நேரில் போக முடிந்தவர்கள் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம்.

கோப்பில் முதலில் நிரூபணப் படிவத்தை எடுங்கள். ஃப்ரீமனுக்காக இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்து கொடுத்தது இதுதான்: இவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பத் தலைவர். பாதி மரக்கட்டை, பாதி பலகைச் சட்டம் வைத்து 14 அடிக்கு 20 அடியில் ஒரே தளமாக வீடு கட்டியிருக்கிறார். இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், மர ஓட்டுக் கூரை, பலகைத் தரை. குடியிருக்க வசதியான வீடு. சுமார் 35 ஏக்கர் உழுது வேலி போட்டுப் பயிர் செய்திருக்கிறார். ஒரு லாயம், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, சோளப்பட்டறை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம்.

இந்தச் சில வரிகளில் நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. நான்கு பேர் இருந்த வீடு 280 சதுர அடி. ஆடுகளுக்கான கொட்டகையோ 100 அடி நீளம். குடும்பத்தின் பிழைப்பு எதை நம்பியிருந்தது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். ஐந்து ஆண்டு முடிந்தும் 160-இல் 35 ஏக்கர்தான் உழவுக்கு வந்திருக்கிறது, கால்பங்குக்கும் கீழே. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் புல் வேர் பின்னிக் கிடந்த மண் அது. அதை முதல்முறை கிழிப்பதற்கு மாடும் ஆளும் படும் பாட்டை இந்த 35 என்ற எண்தான் சொல்கிறது. நானூறு பீச் மரத்தையும் கவனியுங்கள். விற்றுவிட்டு நகர நினைப்பவர் நானூறு பழமரம் நடுவதில்லை.

படிவத்தில் அச்சிட்ட வரி எது, கையால் எழுதிய வரி எது என்று பிரித்துப் படியுங்கள். 1863 ஜனவரி 1 முதல் இன்றுவரை அந்த வீட்டிலேயே வசித்தார் என்று ஃப்ரீமனின் படிவம் சொல்கிறது. ஆனால் அவர் ஆக்னஸ் சூட்டரை அயோவாவில் மணந்தது 1865-இல்தான். உள்நாட்டுப் போர்க் காலம் வேறு. விண்ணப்பித்த நேரத்தில் அவர் ராணுவத் தொடர்பில் இருந்தார் என்று குடும்பக் கதை சொல்கிறது. குடியிருந்தார் என்ற அச்சு வாக்கியம் சட்டத்துக்குத் தேவையான வாக்கியம். வீட்டின் நீள அகலமும் மரங்களின் எண்ணிக்கையும் பார்த்தவர் சொன்னவை. என் கணிப்பில் இரண்டாவது வகைக்கே கூடுதல் எடை கொடுக்க வேண்டும்.

1880-களுக்குப் பிந்தைய கோப்புகள் இன்னும் சுவையானவை. அவற்றில் வரிசை எண் போட்ட கேள்விகள் வரும். வீடு எப்போது கட்டினீர்கள், அதன் மதிப்பு என்ன, குடும்பத்தில் யார் யார், எவ்வளவு காலம் வெளியே போயிருந்தீர்கள், ஏன் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். வெளியே போன காலத்துக்கான பதிலை வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கூலி வேலைக்குப் போனது, பிரசவத்துக்காக மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பியது, வறட்சியில் வேறு ஊர் போனது என்று அந்த ஒரு பதிலில்தான் வாழ்க்கை வெளியே தெரியும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைக் காகிதமும் கோப்பிலேயே இருக்கும்.

ஐந்தாம் படி: மனைவியையும் பிள்ளைகளையும் தேடுங்கள்

இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் வழி. 1870, 1880, 1900 ஏடுகளை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1890 ஏட்டின் பெரும்பகுதி 1921-இல் நடந்த தீ விபத்தில் போய்விட்டது. நெப்ராஸ்கா, டகோட்டா, கொலராடோ குடும்பங்களுக்கு 1885-இல் எடுத்த தனிக் கணக்கெடுப்பு அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பும்.

1880 ஏட்டில் மனைவியின் தொழில் என்ற இடத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அங்கே நிற்காமல், அதே ஆண்டின் விவசாய ஏட்டைத் தனியாகத் தேடி எடுங்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் முந்தைய ஆண்டு எத்தனை பவுண்ட் வெண்ணெய் எடுத்தார்கள், எத்தனை கோழி, எத்தனை டஜன் முட்டை என்று அதில் பத்தி பத்தியாக இருக்கிறது. கறப்பதும் வெண்ணெய் கடைவதும் கோழி வளர்ப்பதும் பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள் கையில் இருந்த வேலை. கோதுமை பொய்த்த வருடங்களில் கடையில் உப்பும் காப்பித்தூளும் வாங்கியது இந்த வெண்ணெயையும் முட்டையையும் கொடுத்துத்தான். பெண் பெயர் எழுதப்படாத அந்தப் பத்திகளில்தான் அவளுடைய உழைப்பு பவுண்ட் கணக்கில் பதிவாகியிருக்கிறது.

1900 ஏட்டில் இன்னும் இரண்டு எண்களைப் பாருங்கள். இந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர் எத்தனை என்று அருகருகே இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, முந்தைய ஏடுகளில் இருந்து பிறகு காணாமல் போன சிறு பெயர்களைத் தேடுங்கள். அவசரப்பட வேண்டாம். கல்லறைப் பதிவு, சபைப் பதிவு என்று மெதுவாகவே கிடைக்கும்.

ஆறாம் படி: வீட்டைப் பாருங்கள்

ஓடையோரம் இடம் கிடைக்காதவர்கள் மண்ணையே வெட்டி வீடு கட்டினார்கள். புல்லோடு சேர்த்துக் கலப்பையால் பட்டையாகக் கிழித்து, ஏறக்குறைய மூன்றடி நீளம், ஓரடி அகலம், நாலு அங்குலக் கனத்தில் துண்டாக்கி, புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சுவர் இரண்டு மூன்று துண்டு கனம். குளிருக்கும் வெயிலுக்கும் நல்ல காப்பு. மழை வந்தால்தான் பாடு. கூரை மண் ஒழுகும், மழை நின்ற பிறகும் ஒழுகும். மேலே இருந்து விழும் மண்ணையும் பூச்சியையும் தாங்குவதற்கு உத்தரத்துக்குக் கீழே மஸ்லின் துணியைக் கட்டிவைத்தார்கள். அடுப்புக்குக் காய்ந்த சாணம், முறுக்கிய வைக்கோல், சோளத் தக்கை.

இதைக் கண்ணால் பார்க்க சாலமன் புட்சரின் புகைப்படங்களைத் தேடுங்கள். 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுன்டியில் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தவர் அவர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் நிறைய இருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கி, முகங்களைப் பார்ப்பதற்கு முன் பொருள்களைப் பாருங்கள். எந்த மாடு, எந்த வண்டி, ஜன்னலில் கண்ணாடி உண்டா, ஜன்னல் திட்டில் பூச்செடி உண்டா, எதை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்து முன்னால் வைத்திருக்கிறார்கள்? ஹில்டன் குடும்பத்தின் படத்தில் வெட்டவெளியில் ஒரு ஆர்கன் வாத்தியம் நிற்கிறது. மண்வீடு படத்தில் விழக்கூடாது, ஆனால் ஆர்கன் விழவேண்டும் என்று வீட்டம்மா பிடிவாதமாகச் சொன்னதாகக் கதை. ஊரில் உள்ள உறவினருக்கு அனுப்புகிற படம் அது.

ஏழாம் படி: கெட்ட வருடங்களைப் பக்கத்தில் எழுதுங்கள்

குடும்பத்தின் தேதிகளை ஒரு பத்தியிலும் நாட்டின் தேதிகளை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். 1873-இன் நிதி நெருக்கடி. 1874-இல் வெட்டுக்கிளிப் படையெடுப்பு. அதில் பயிர் இழந்தவர்கள் நிலத்தை விட்டுத் தற்காலிகமாகப் போய்வர அரசு அனுமதித்தது. 1888 ஜனவரி 12 அன்று பள்ளிக்கூடம் விடும் நேரத்தையொட்டி வந்து பல பிள்ளைகளைக் கொன்ற பனிப்புயல். 1890-களின் வறட்சி. கோப்பில் காரணம் சொல்லாமல் விட்ட இடைவெளி பல நேரம் இங்கே பொருந்தும். 1879-க்குப் பிறகு நிரூபணத்துக்கு முன்னால் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும் என்று விதி வந்தது. பழைய பத்திரிகைகள் உள்ள க்ரானிக்ளிங் அமெரிக்கா தளத்தில் அதைத் தேடினால் சாட்சிகளாக நான்கு அண்டை வீட்டார் பெயர் கிடைக்கும். அவர்களுடைய கோப்புகளையும் எடுங்கள். ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

எட்டாம் படி: அதற்கு முன் யாருடைய நிலம்

வெறும் நிலம் என்று கோப்பு சொல்லும். அது வெறும் நிலமாக இருந்ததில்லை. சார்லஸ் ராய்ஸ் தயாரித்த பழங்குடி நில ஒப்பந்த வரைபடங்கள் காங்கிரஸ் நூலகத் தளத்தில் உள்ளன. உங்கள் கவுன்டியை அதில் பாருங்கள். ஃப்ரீமன் குடியேறிய பகுதி ஓட்டோ, மிசூரியா மக்களுடையது. ஒப்பந்தங்களில் அதை இழந்து, 1854-க்குப் பிறகு தெற்கே பிக் புளூ ஆற்றோரம் கன்சாஸ் எல்லையில் ஒரு ஒதுக்கு நிலத்துக்குள் அவர்கள் சுருங்கினார்கள். 1881-இல் அங்கிருந்தும் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். ஃப்ரீமன் பீச் மரம் நட்டு வளர்த்த காலம் முழுக்க, ஒரு நாள் வண்டித் தூரத்தில் அவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குடியேறிகளின் கதையை இதைச் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒன்பதாம் படி: முடிக்காமல் போனவர்கள்

உரிமைப் பத்திரத் தளத்தில் வெற்றி பெற்றவர்கள் மட்டுமே இருப்பார்கள். கடனிலோ நோயிலோ வறட்சியிலோ விட்டுவிட்டுப் போனவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு டிராக்ட் புத்தகங்களைப் பாருங்கள். லேண்ட் ஆஃபீஸ்காரர்கள் துண்டு துண்டாக ஒவ்வொரு நிலத்துக்கும் எழுதிவைத்த பேரேடு அது. ஃபேமிலிசர்ச்சில் படமாக இருக்கிறது. பெயரை வைத்துத் தேடுவதைவிட டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் மூன்றையும் வைத்துப் பக்கம் புரட்டுவது நம்பகமானது. மூன்றாம் படியில் வரைந்த படம் இங்கே கைகொடுக்கும். ஒரே 160 ஏக்கருக்கு எதிரே அடுத்தடுத்து இரண்டு மூன்று பெயர்களும், ரத்தானது என்ற குறிப்பும் தேதியும் இருக்கலாம். அப்படி ரத்தான விண்ணப்பங்களின் கோப்புகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கேட்கும்போது, நிரூபித்து முடித்தவர்களுக்குத் தரும் இறுதிச் சான்று எண் இருக்காது என்பதால், டிராக்ட் புத்தகத்தில் உள்ள விண்ணப்ப எண்ணையும் லேண்ட் ஆஃபீஸின் பெயரையும் நில விவரத்தையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.